காய்ந்த எண்ணெய்: ஒரு ஜனதா வாட்ச்சும் ஒரு மூணு ஸ்பீடு ஹப்பும்

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் “ஓடாது சார், பார்ட்ஸுக்கு வேணா எடுத்துக்கங்க” என்று சொல்லித் தரும் சாமான்கள்மேல் எனக்குத் தனிப் பிரியம் உண்டு. சாவி கொடுக்கிற கைக்கடிகாரம், சைக்கிள் கியர், இந்த இரண்டை மட்டும்தான் வாங்குவேன். இரண்டிலும் இத்தனை காலமாகப் பார்த்ததில், உடைந்துபோய் நின்றவை கொஞ்சம்தான். உள்ளே என்றைக்கோ போட்ட எண்ணெய் காய்ந்து பிசினாகி, அந்தப் பிசினில் ஒட்டிக்கொண்டு நின்றவைதான் ஏராளம். அவற்றுக்குப் பாலிஷும் தேவையில்லை, புது பாகமும் தேவையில்லை. கழற்றிக் கழுவி, எந்த இடத்தில் எந்த எண்ணெய், எவ்வளவு என்று தெரிந்து வைத்தால் ஓடிவிடும். தெரிந்து வைப்பதில்தான் எல்லா வேலையும் இருக்கிறது.

இந்த மழைக்காலத்தில் மேஜைமேல் கிடந்தவை ஒரு எச்.எம்.டி. ஜனதா வாட்ச்சும், சைக்கிள் பின்சக்கரத்தின் நடுவில் உட்கார்ந்து உள்ளேயே மூணு கியரை வைத்திருக்கும் ஒரு ஸ்டர்மி ஆர்ச்சர் ஹப்பும். இரண்டையும் பிரித்து மாட்டிய கதையை எழுதி வைக்கிறேன்.

ஜனதா

எச்.எம்.டி. பெங்களூரில் 1953-இல் தொழிற்சாலை இயந்திரங்கள் செய்யத் தொடங்கிய அரசு நிறுவனம். 1961-இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து கைக்கடிகாரம் செய்ய ஆரம்பித்தது. பத்தாவது பாஸானதற்கு, வேலை கிடைத்ததற்கு, மாப்பிள்ளைக்கு என்று அப்போது தமிழ்நாட்டில் கை மாறிய வாட்ச்சுகளில் எச்.எம்.டி.தான் பெரும்பங்கு. 1984-இல் தொடங்கிய டைட்டன் ஓசூரிலிருந்து பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் வாட்ச்சுகளைக் கொண்டுவந்த பிறகு சாவி கொடுக்கிற வாட்ச் மெல்ல மேஜை டிராயருக்குள் போனது. 2016-இல் எச்.எம்.டி. கைக்கடிகாரப் பிரிவை மூட மத்திய அரசு ஒப்புதல் கொடுத்தது. மூடிய செய்தி வந்ததும்தான் எல்லோருக்கும் டிராயர் ஞாபகம் வந்தது. விலையும் ஏறியது, போலியும் பெருகியது.

போலி என்று சொல்வதுகூட முழுக்கச் சரியில்லை. உள்ளே இருக்கிற மெஷின் பெரும்பாலும் அசல்தான். டயலைச் சுரண்டி, புதுப் பெயின்ட் அடித்து, எழுத்தை மறுபடி அச்சடித்து விற்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதை ‘மும்பை டயல்’ என்பார்கள். கிளிப்பச்சையிலும் ரோஸ் நிறத்திலும் பளபளவென்று ஒரு ஜனதா கண்ணில் பட்டால் லென்ஸை எடுத்து எழுத்தின் ஓரத்தைப் பாருங்கள். அசல் டயலில் மணிக்கோடுகளுக்குப் பக்கத்தில் வரும் நிமிஷப் புள்ளிகள் ஒரே சீராக இருக்கும். அடித்த டயலில் ‘பாரா ஷாக்’, ‘17 ஜுவல்ஸ்’ என்ற சின்ன எழுத்துகள் தடித்து ஓரம் கலைந்திருக்கும். மங்கிப்போன அசல் டயலும் பளிச்சென்ற அடித்த டயலும் ஒரே விலைக்குக் கிடைத்தால் நான் மங்கியதைத்தான் எடுப்பேன். டயலை யாரும் தொடவில்லையென்றால் மெஷினையும் தொட்டிருக்க மாட்டார்கள் என்று ஒரு கணக்கு. பல தடவை பலித்த கணக்கு.

எனக்குக் கிடைத்தது வெள்ளை டயல், மஞ்சள் பாரித்திருந்தது. சந்தையில் நின்றபடியே மூன்று விஷயம் பார்க்கலாம். சாவியை இழுத்துத் திருப்பினால் முட்கள் தடையில்லாமல் சுற்ற வேண்டும். சாவி கொடுத்தால் ‘கர்ர்’ என்று ஒரே சீராகக் கேட்க வேண்டும், நடுவில் வழுக்கக் கூடாது. பிறகு வாட்ச்சைக் கிடையாக வைத்து மணிக்கட்டை லேசாகச் சுழற்றுங்கள். செகண்ட் முள் நான்கைந்து செகண்ட் ஓடி நின்றால் சந்தோஷப்படலாம். முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரத்தின் ஊசிமுனை உடையவில்லை, அதை ஆட்டும் சுருள் கம்பியான ஹேர் ஸ்பிரிங் அறுபடவில்லை, தடுப்பது அழுக்கு மட்டும்தான் என்று அர்த்தம். சுழற்றியும் அசையவே இல்லையென்றால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

நம் ஊரில் கூடுதலாக ஒன்று பார்க்க வேண்டும். வியர்வையும் கடல் காற்றும் சாவித் தண்டு வழியாகத்தான் உள்ளே போகும். சாவியைச் சுற்றிப் பழுப்புக் கறை இருந்தால் உள்ளே முள் திருப்பும் பாகங்களில் துரு பிடித்திருக்கும். எண்ணெய் காய்ந்ததைக் கழுவலாம், துரு தின்ற பல்லுக்கு வைத்தியம் கிடையாது.

பிரிக்கும்போது முதல் வேலை, சாவி கொடுத்தால் இறுகும் மெயின் ஸ்பிரிங்கில் இருக்கிற இறுக்கத்தை இறக்குவது. சாவியை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, பல்சக்கரத்தின் ஓரத்தில் இருக்கும் ‘கிளிக்’ என்ற சின்னக் கொக்கியை ஒரு குச்சியால் விலக்க வேண்டும். சாவி விரலுக்குள் மெதுவாகப் பின்னால் சுழன்று இறங்கும். இதைச் செய்யாமல், சக்கரங்களைத் துடிப்புத் துடிப்பாக நிறுத்தி விடும் பேலட் ஃபோர்க்கைக் கழற்றினால் சக்கரங்கள் எல்லாம் ஒரே மூச்சில் சுழன்று ஊசிமுனைகள் முறியும். இறக்கியதும் பேலன்ஸ், பிறகு பேலட் ஃபோர்க், அதன் பிறகே சக்கரங்கள். ஒவ்வொரு ஸ்குரூவையும் அது இருந்த இடத்தை வரைந்த அட்டையில் குத்தி வைத்துவிடுவேன். போனில் படம் எடுத்துக்கொள்ளலாம்தான், ஆனால் அட்டை கைக்குப் பக்கத்திலேயே இருக்கும்.

முள்ளை நெம்பும்போது டயலுக்கு மேல் ஒரு பாலித்தீன் துண்டைப் போட்டுக்கொள்ளுங்கள். டயலைக் கழுவவே கூடாது. ஈரத்துணியும் கூடாது, வாயால் ஊதவும் கூடாது, எச்சில் தெறிக்கும். ரப்பர் பல்பு ஊதுகுழலோடு நிறுத்திக்கொள்வது நல்லது. சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்துத் துடைத்தால் அழுக்கோடு சேர்ந்து ‘எச்.எம்.டி.’ என்ற எழுத்தும் வந்துவிடும்.

இந்த ஜனதாவுக்குள் இருந்த 0231 மெஷின் 17 கல் (ஊசிமுனைகள் தேயாமல் சுழல வைக்கும் ‘ஜுவல்’) வைத்தது, மணிக்கு 18,000 துடிப்பு. செகண்டுக்கு ஐந்து, ஒரு நாளைக்கு 4,32,000. ஒரு நாளில் அரை நிமிஷம் முன்னே பின்னே ஓடுகிற வாட்ச்சை ‘சரியில்லை’ என்று சொல்கிறோமே, அது நூற்றுக்கு 0.035 பங்குப் பிழை. ஐம்பது வருஷம் பழைய இரும்புக்கு இதைவிட என்ன கேட்க முடியும்?

லென்ஸில் பார்த்தபோது எந்தச் சக்கரமும் தேயவில்லை. கல்லைச் சுற்றி எண்ணெய் பழுப்பு வளையமாக உறைந்திருந்தது. பேலட் ஃபோர்க்கின் பக்கத்தில் யாரோ தாராளமாக எண்ணெய் விட்டிருந்தார்கள், அது வழிந்து ஹேர் ஸ்பிரிங்கின் ஒரு சுற்றிலும் ஏறியிருந்தது. ஹேர் ஸ்பிரிங்கில் எண்ணெய் பட்டால் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டும். ஒட்டினால் ஸ்பிரிங்கின் நீளம் குறைந்த மாதிரி ஆகி வாட்ச் விரைவாக ஓடும். ஒரு மணி நேரத்தில் கால் மணி முந்தும் வாட்ச்சைக் கண்டால் பலர் அட்ஜஸ்ட் செய்கிற லிவரை ‘ஸ்லோ’ பக்கம் தள்ளிப் பார்ப்பார்கள். லிவருக்கும் அந்த நோய்க்கும் சம்பந்தமில்லை. இதே மாதிரி விரைவாக ஓட இன்னொரு காரணம் காந்தம் ஏறுவது. வாட்ச்சுக்குப் பக்கத்தில் ஒரு திசைகாட்டியை வைத்தால் தெரிந்துவிடும். ஊசி நடுங்கினால் காந்தம் ஏறியிருக்கிறது, டீமேக்னடைசரில் காட்டி எடுத்தால் சரியாகும். ஸ்பீக்கர் பெட்டிமேல் வாட்ச்சைக் கழற்றி வைக்கும் வழக்கம் உள்ளவர்கள் கவனிக்க.

கழுவுவதற்குப் பெட்ரோல். ஜன்னலைத் திறந்து வைத்து, சமையலறைக்கு எதிர்ப்பக்கமாக உட்கார்ந்து, சின்னக் கண்ணாடிக் கிண்ணத்தில் கொஞ்சம் மட்டும். ஸ்பிரிட்டில் கழுவினால் இன்னும் சுத்தமாகுமே என்று தோன்றும். பேலட் ஃபோர்க்கின் கற்களும், பேலன்ஸிலிருந்து ஃபோர்க்கைத் தட்டும் கல்லும் அரக்கால் ஒட்டப்பட்டவை. ஸ்பிரிட்டில் அரக்கு கரையும், கல் விழும். பெட்ரோலில் அந்தப் பயம் இல்லை. கல்லின் துளைகளுக்குப் பல்குத்தும் குச்சியைக் கூராகச் சீவி, உள்ளே விட்டுத் திருக வேண்டும். குச்சிமுனை வெள்ளையாக வெளியே வரும்வரை திரும்பத் திரும்பச் சீவி விட வேண்டும். அலுப்பான வேலை. வாட்ச் ஓடுமா ஓடாதா என்பதை இந்த அலுப்புதான் தீர்மானிக்கிறது.

பாரா ஷாக் என்று டயலில் போட்டிருப்பது பேலன்ஸின் ஊசிமுனையைக் காக்கும் சின்ன ஸ்பிரிங் அமைப்பு. வாட்ச் கீழே விழுந்தால் கல் சற்று நகர்ந்து கொடுத்து மறுபடி இடத்துக்கு வரும். அந்தக் குட்டி ஸ்பிரிங்கை எடுக்கும்போது சாமணத்திலிருந்து பறந்தால் அதோடு போச்சு. உள்ளே தெரிகிற பாலித்தீன் பை ஒன்றை மேஜைமேல் விரித்து, கையை அதற்குள் விட்டு வேலை செய்தால் பறந்தாலும் பைக்குள்தான் கிடக்கும்.

இனி எண்ணெய். வேகமாக ஓடும் சக்கரத்துக்கு மெல்லிய எண்ணெய், மெதுவாக அதிக விசையில் ஓடுவதற்குத் தடித்தது. நான் பேலன்ஸுக்கும் விரைவுச் சக்கரங்களுக்கும் மோபியஸ் 9010 என்ற மெல்லிய வாட்ச் எண்ணெய் வைக்கிறேன். மெயின் ஸ்பிரிங் டப்பாவின் அச்சுக்குத் தடித்த எண்ணெய், ஸ்பிரிங்குக்கே கிரீஸ் கொஞ்சம். கல்லின் குழியில் பாதி நிரம்பினால் போதும். முழுக்க நிரம்பினால் எண்ணெய் பரவி ஓடிவிடும், துளை வறண்டுபோகும். பேலட் ஃபோர்க்கின் அச்சுக்கு எண்ணெயே வைக்கக் கூடாது, ஹேர் ஸ்பிரிங்குக்கு நினைக்கவே கூடாது. எங்கள் தெருமுனை வாட்ச் கடை பாய் பார்த்துவிட்டு, “எண்ணெய் விடறவன் ஆயிரம் பேர் இருக்கான் தம்பி, எண்ணெய் விடாம இருக்கத் தெரிஞ்சவன்தான் ரிப்பேர்காரன்” என்றார். எண்ணெய் வைக்கும் ஊசியான ஆயிலரை அவர் பிடிக்கும் விதத்தைப் பார்த்துத்தான் நான் கற்றுக்கொண்டேன்.

மாட்டிப் பேலன்ஸை இறக்கியதும் அது தானாக ஆட ஆரம்பித்தது. போன் மைக்கை வைத்துத் துடிப்பைக் கேட்கும் ஆப் ஒன்றில் பார்த்தேன். டயல் மேல்நோக்கிக் கிடக்கும்போது பேலன்ஸ் ஆடும் வீச்சு 250 டிகிரியைச் சுற்றி இருந்தது. பழைய மெயின் ஸ்பிரிங்கை மாற்றினால் இன்னும் கூடும். மாற்றவில்லை. ஒன்றரை நாள் ஓடுகிறது, காலையில் பல் துலக்கும்போது சாவி கொடுக்கிறேன், போதும்.

எடைக்கு வந்த ஹப்

ஹப்பை இரும்பு விற்பவர் தராசில் போட்டுத்தான் கொடுத்தார். ரிம்மை வெட்டி எடுத்திருந்தார்கள், ஸ்போக்ஸ் கம்பியின் தலைகள் மட்டும் ஃபிளாஞ்சில், அதாவது கம்பி கோக்கும் விளிம்பில், முட்களாக நீட்டிக்கொண்டிருந்தன. துருவைத் துணியால் தேய்த்ததும் ஹப்பின் வயிற்றில் ‘ஏ.டபிள்யூ.’ என்ற எழுத்தும் பக்கத்தில் 56 என்ற எண்ணும் தெரிந்தன. செய்த வருஷத்தையே ஹப்பின்மேல் அச்சடிப்பது ஸ்டர்மி ஆர்ச்சரின் பழக்கம். சேகரிப்பவனுக்கு இதைவிடப் பெரிய உபகாரம் யாரும் செய்ததில்லை. சைக்கிளின் வயசு தெரியாவிட்டாலும் ஹப்பைப் பார்த்துச் சொல்லிவிடலாம், யாரும் பின்சக்கரத்தை மாற்றாமல் இருந்தால்.

இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், ராலே சைக்கிள் கம்பெனியின் நிழலில் வளர்ந்தது ஸ்டர்மி ஆர்ச்சர். ஹென்றி ஸ்டர்மி, ஜேம்ஸ் ஆர்ச்சர் என்ற இருவர் பெயரைத் தாங்கியது. முதல் மூணு ஸ்பீடு ஹப்பை யோசித்ததில் வில்லியம் ரெய்லி என்பவருக்கும் பெரும்பங்கு உண்டு. அவர் ஏற்கெனவே வேறு கம்பெனியோடு போட்டிருந்த ஒப்பந்தத்தால் காப்புரிமை ஆர்ச்சர் பெயரில் போனது. பிள்ளை ஒருவருடையது, இனிஷியல் இன்னொருவருடையது. ஏ.டபிள்யூ. என்ற இந்த மாடல் 1936-இல் வந்தது. 2000-இல் கம்பெனி தைவானின் சன்ரேஸுக்குக் கைமாறிய பிறகும் மூணு ஸ்பீடு ஹப் வந்துகொண்டிருக்கிறது.

இங்கே இது எப்படி வந்தது? இறக்குமதியான ராலே, ஹம்பர், ரட்ஜ் சைக்கிள்களோடுதான். அம்பத்தூரில் 1949-இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸின் ஹெர்குலிஸ் மாதிரி நம் ரோட்ஸ்டர்கள், அதாவது கனத்த அன்றாட சைக்கிள்கள், பெரும்பாலும் கியர் இல்லாமலே ஓடின. பால் கேனும் சிலிண்டரும் கட்டிக்கொண்டு போகிற வண்டிக்கு, ரிப்பேர் ஆகாத ஒற்றைப் பல்சக்கரம்தான் லாபம்.

ஹப்பின் நோய் எளிதாகத் தெரிந்தது. ஸ்பிராக்கெட்டை, அதாவது செயின் ஓடும் பின் பல்சக்கரத்தை, எந்தப் பக்கம் திருப்பினாலும் சும்மா சுழன்றது, ‘டிக் டிக்’ சத்தமே இல்லை. ஏ.டபிள்யூ. ஹப் நல்ல நிலையில் இருந்தால் இரண்டாவது, மூன்றாவது கியரில் மிதிக்கும்போது டிக் டிக் என்று கேட்கும், முதல் கியரில் அமைதியாக இருக்கும். உள்ளே இரண்டு ஜோடிக் கொக்கிகள் உண்டு, சைக்கிள் கடையில் ‘பாவல்’ என்பார்கள். ஒரு ஜோடி வலப்பக்கம் வெளிவளையத்தில், இன்னொன்று இடப்பக்கம், உள்ளே இருக்கும் சின்னப் பல்சக்கரங்களைத் தாங்கும் கூண்டில். வாட்ச்சில் பார்த்த அந்தக் கிளிக்கின் அண்ணன்கள்தான் இவை. பல்லின் ஒரு பக்கம் ஏறி வழுக்கும், மறுபக்கம் பிடித்துத் தள்ளும். மேல் இரண்டு கியர்களிலும் வலப்பக்கக் கொக்கிகள் தள்ளுகின்றன, ஹப் முந்தி ஓடுவதால் இடப்பக்கக் கொக்கிகள் பல்மேல் ஏறி இறங்கி டிக் டிக் என்கின்றன. கொக்கி நிமிர முடியாதபடி எதோ ஒட்டிப் பிடித்திருக்கிறது என்று திறக்கும் முன்பே முடிவு கட்டிவிட்டேன்.

திறப்பதற்கு இடது கோனை (பேரிங் குண்டுகளை அணைத்துப் பிடிக்கும் கூம்பு நட்டை) கழற்றிவிட்டு, வலப்பக்கம் இருக்கிற பெரிய வளையத்தை அவிழ்க்க வேண்டும். அதில் வெட்டுகள் இருக்கும், மழுங்கிய உளியை வைத்து எதிர்ச்சுற்றில் தட்டினால் இளகும். தட்டும் முன் வளையத்துக்கும் ஹப்புக்கும் நேராக ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். இதன் மரை இரட்டைத் தொடக்கம் கொண்டது. இரண்டு இடங்களில் எங்கே வேண்டுமானாலும் ஏறும், பழைய இடத்தில் ஏறாவிட்டால் கோட்டம் எடுத்த சக்கரத்தில் மறுபடி கோட்டம் வரும். ரிம் இல்லாத என் ஹப்புக்கு அந்தக் கவலை இல்லை, ஆனாலும் கோடு போட்டேன்.

உள்ளே கறுப்புக் கிரீஸ். கையால் அள்ளி அப்பியிருந்தார்கள். நல்ல எண்ணத்தில் செய்ததாகத்தான் இருக்கும். கிரீஸ் என்றால் நல்லது, நிறைய என்றால் இன்னும் நல்லது என்று நம் ஊரில் எல்லா வண்டிக்கும் ஒரு நம்பிக்கை உண்டு. பால்ஸுக்கு, அதாவது பேரிங் குண்டுகளுக்கு, கிரீஸ் சரி. பாவலைத் தூக்குகிற ஸ்பிரிங்கோ மெல்லிய கம்பித்துண்டு. தடித்த கிரீஸை எதிர்த்து அதனால் கொக்கியை நிமிர்த்த முடியாது. வருஷக்கணக்கில் அந்தக் கிரீஸும் இறுகிச் சோப்புக்கட்டியாக ஆகியிருந்தது.

மண்ணெண்ணெயில் ஊறவைத்துப் பழைய டூத் பிரஷால் தேய்த்தேன். கிரீஸ் போனதும் உள்ளே இருந்தது புதுசு போலத் தெரிந்தது. நடுவில் அச்சோடு ஒட்டிய சூரியச் சக்கரம், 20 பல். அதைச் சுற்றி நாலு கிரகச் சக்கரங்கள், அவற்றுக்கும் 20 பல். வெளியே 60 பல் வளையம். முழுக் கணக்கும் இந்த மூன்று எண்ணில்தான். சூரியன் நகராது. மிதிக்கிற விசை கிரகங்களின் கூண்டுக்குள் போய் வளையம் வழியாக வெளியே வந்தால் 1 கூட்டல் 20/60, அதாவது 1.33 மடங்கு வேகம். வளையத்தில் போய்க் கூண்டு வழியாக வெளியே வந்தால் 0.75. வளையத்தில் போய் வளையத்திலேயே வந்தால் ஒன்றுக்கு ஒன்று. 44 பல் முன்சக்கரம், 18 பல் பின்சக்கரம், 28 இஞ்ச் டயர் என்றால் ஒரு முழு மிதிக்கு முதல் கியரில் சுமார் 4.1 மீட்டர், இரண்டாவதில் 5.5, மூன்றாவதில் 7.3. சென்னையில் மேடு என்றால் பறங்கிமலையும் மேம்பாலங்களும்தான். ஆனால் கடற்கரைச் சாலையில் எதிர்காற்று அடிக்கும்போது அந்த 4.1-இன் அருமை தெரியும்.

தேய்மானம் பார்க்க வேண்டிய இடம், சிலுவை வடிவத்தில் இருக்கிற கிளட்ச்சின் நான்கு முனைகளும் கிரக அச்சுகளின் நுனியும். கிளட்ச் இடமும் வலமும் நகர்ந்துதான் கியர் மாறுகிறது. முனைகள் வட்டமாக மழுங்கியிருந்தால் மூன்றாவது கியரில் நழுவும், எந்த அட்ஜஸ்ட்மென்ட்டும் காப்பாற்றாது. இதில் முனைகள் பளபளத்தன, மழுங்கவில்லை. பாவல் ஸ்பிரிங்குகளும் விறைப்பாகவே இருந்தன. மாற்ற வேண்டியதாக எதுவுமே இல்லை.

பால்ஸ் ஓடும் இடங்களில் கொஞ்சம் கிரீஸ், உள்ளே முழுக்க வண்டி எஞ்சினுக்குப் போடும் மெல்லிய ரக எண்ணெய். பாவலை விரலால் அமுக்கிவிட்டால் டக்கென்று எழ வேண்டும். வலது கோனைக் கையாலேயே இறுகும்வரை திருகி, அரைச் சுற்றுப் பின்னுக்கு எடுத்துப் பூட்டுவது கணக்கு. அச்சின் ஆட்டத்தைச் சரிசெய்வது இடது கோனில். மாட்டி முடித்ததும் ஸ்பிராக்கெட்டைச் சுற்றினேன். டிக் டிக் கேட்டது.

ரிம் போடும் வேலை என் கைக்கு மீறியது, அதைக் கடையில் கொடுத்தேன். இந்த ஹப்பில் 40 துளை. நம் ரோட்ஸ்டர் பின்சக்கரத்துக்கும் 40 துளைதான், இங்கிலாந்து வழக்கத்தையே நாமும் வைத்துக்கொண்டதால் 28 இஞ்ச் ரிம் அப்படியே பொருந்தியது. கம்பிதான் பொருந்தவில்லை. “ஹப்பு குண்டா இருக்கு தம்பி, கம்பி நீளமாப் போவும்” என்று சைக்கிள் கடைப் பெரியவர் பார்த்த மாத்திரத்தில் சொன்னார். ஃபிளாஞ்ச் பெரிசு, ஆகவே கம்பி குட்டையாக வேண்டும். இருக்கிற கம்பியை வெட்டி மறுபடி மரை போட்டுக் கோத்தார். கோட்டம் எடுக்கும்போது சக்கரத்தைச் சுற்றிவிட்டுச் சத்தத்தைக் கேட்டு, “இது வாட்ச் மாரி இல்ல அடிக்குது” என்றார். மேஜையில் கிடந்த ஜனதாவைப் பற்றி அவரிடம் நான் சொல்லியிருக்கவில்லை.

கியர் லிவர் தனியாக வாங்கினேன், தைவானில் இன்றும் வருகிறது. ஆக்சிலுக்குள் போகிற கம்பி, அதன் முனையில் குட்டிச் செயின், அதோடு கேபிள். அந்தக் கம்பியைக் கடைசிவரை திருகி, செயின் நேராக நிற்க வேண்டி அரைச் சுற்றுக்குள் பின்னுக்கு எடுக்கலாம், அதற்குமேல் கூடாது. பிறகு லிவரை இரண்டாவது கியரில் வைத்து, வலது நட்டில் இருக்கிற ஜன்னல் வழியாகப் பாருங்கள். கம்பியின் தோள் ஆக்சிலின் முனையோடு ஒரே மட்டமாக இருக்க வேண்டும். இதை யாரும் விளையாட்டாக எடுக்க வேண்டாம். இந்த ஹப்பில் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவில் எதையும் பிடிக்காத ஒரு வெற்றிடம் உண்டு. கேபிள் கொஞ்சம் தளர்ந்தாலும் எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் திடீரென்று கீழே போய்விடும், நாம் சைக்கிளின் மேல் பாரில் உட்காருவோம். கேபிள் அறுந்தால் மட்டும் பயமில்லை. ஸ்பிரிங் கிளட்ச்சைத் தானே மூன்றாவதுக்குத் தள்ளிவிடும், வீடுவரை மூச்சு வாங்க மிதித்து வந்துவிடலாம்.

மிச்ச சாமான்

செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து இன்னொன்றுக்குத் தள்ளும் டிரெய்லியர் வகை கியர்கள் (டிரெயிலர் என்றுதான் கடையில் கேட்கிறார்கள், நான் திருத்துவதில்லை) எப்போதாவது கிடைக்கும். அவற்றில் சன்டூர் கம்பெனியுடையது கிடைத்தால் விடாதீர்கள். ஸ்பிராக்கெட்டுகளின் சரிவுக்கு ஒத்தபடி சாய்ந்து நகரும் அமைப்புக்கு 1964-இல் காப்புரிமை வாங்கியவர்கள் அவர்கள்தான். அந்தக் காப்புரிமை 1980-களின் நடுவில் முடிந்த பிறகு எல்லோரும் அதையே செய்தார்கள். பிரெஞ்சு சிம்ப்ளெக்ஸில் பிளாஸ்டிக் உடம்பு கொண்டவை அழகாக இருக்கும், ஆனால் அசைகிற மூட்டான பிவட் பக்கம் விரிசல் விட்டிருக்கிறதா என்று லென்ஸில் பார்த்துவிட்டுத்தான் நான் பணம் எடுப்பேன். மண்ணெண்ணெயும் எண்ணெயும் பிளாஸ்டிக் விரிசலை மூடாது.

வாட்ச்சில் ஒரு எச்சரிக்கை. 1960-க்கு முந்தைய வெளிநாட்டு வாட்ச், முட்களிலும் எண்களிலும் பழுப்பேறிய பச்சைப் பூச்சு இருந்தால் அது ரேடியமாக இருக்கலாம். இப்போது இருட்டில் ஒளிரவில்லையே என்று அலட்சியம் வேண்டாம். ஒளிரும் பொருள்தான் தீர்ந்துபோனது, ரேடியத்தின் அரை ஆயுள் 1,600 வருஷம். மூடிய கிளாஸுக்குள் இருக்கும்வரை பெரிய தொந்தரவில்லை. திறந்து சுரண்டினால் அந்தத் தூள் மூச்சில் போகும். அப்படி ஒரு வெஸ்ட் எண்ட் வாட்ச் என்னிடம் உண்டு. அதை மட்டும் திறக்காமல் வைத்திருக்கிறேன், ஓடாவிட்டாலும் பரவாயில்லை.

ஹப் மாட்டிய ஹெர்குலிஸ் வராந்தாவில் நிற்கிறது. ஏ.டபிள்யூ. ஹப்புக்கு எண்ணெய் சீல் கிடையாது, உள்ளே விட்டது ஆக்சில் வழியாகச் சொட்டுச் சொட்டாக வெளியே வரும். அது ரிப்பேர் இல்லை, அப்படித்தான் இருக்கும். ஹப்பின் நடுவில் சின்ன மூடி இருக்கிறது, மாதத்துக்கு ஒரு தடவை அதைத் திறந்து ஒரு டீஸ்பூன் விட்டுவிடுகிறேன். அம்மா கோலம் போடுகிற இடத்தில் எண்ணெய்க் கறை விழுந்ததில் ஒரு சண்டை வந்தது. சக்கரத்துக்குக் கீழே ஒரு அட்டையைப் போட்டுச் சமாதானம் ஆகியிருக்கிறோம்.